டீ மாஸ்டரோடு நீலகிரியில் ஐந்து நாட்கள்

முதல் நாள்: மேட்டுப்பாளையம் – குன்னூர்

என் அப்பா 32 வருடம் டீ ஆற்றியவர். திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய கடை அதிகாலை நான்கு மணிக்கே திறந்துவிடும். நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து மல்லிகை மூட்டையோடு வந்து இறங்குகிறவர்களுக்கு அந்த நேரத்தில் சோறு தண்ணீர் எதுவும் வேண்டாம், டீ வேண்டும். மூட்டை சுமப்பவர்களுக்குச் சர்க்கரை தூக்கலாக, வேன் டிரைவர்களுக்கு டிகாஷன் தூக்கலாக, விடிய விடிய ஏலம் கூவுகிறவர்களுக்கு இஞ்சி தட்டிப் போட்டு. ஆள் கடைக்குள் நுழைந்து பெஞ்சில் உட்காருவதற்குள் அவருக்கான கிளாஸ் தயாராகியிருக்கும். முழங்கால் வலி தாங்காமல் நான்கு வருடத்துக்கு முன்பு கடையை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்தார்.

போன தீபாவளிக்குப் பேச்சோடு பேச்சாக, "இத்தனை மூட்டை தூள் கொட்டியிருக்கிறேன், தேயிலைச் செடியை ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை" என்றார். எனக்கு என்னவோ செய்தது. நூற்பாலைக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிற எனக்கு ஜனவரி கடைசியில்தான் விடுமுறை அமைந்தது. மலை ரயிலிலும் அப்போதுதான் இடம் கிடைத்தது.

நேற்று இரவு மேட்டுப்பாளையத்தில் தங்கினோம். இன்று காலை ஐந்தரைக்கு ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் டீ. அப்பா கிளாஸை வாயில் வைப்பதற்கு முன்னால் மாஸ்டரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "ஆற்றுகிற கை நன்றாக இருக்கிறது. பால்தான் கொதி தாண்டிவிட்டது, ஏடு மணக்கிறது" என்றார்.

7.10-க்கு ரயில் கிளம்பியது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டம் தொடங்குகிறது. இஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது. 12 அடி போனால் ஓர் அடி உயரம் ஏறும் பாதை இது. 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் போட்டிருக்கிறார்கள். ஹில்குரோவில் இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்தினார்கள். எல்லோரும் குரங்கையும் பள்ளத்தாக்கையும் படம் பிடித்துக்கொண்டிருக்க, அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டே இஞ்சின் பக்கம் நடந்தார். நீராவி சீறுவதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "நம் பாய்லரும் இதுவும் ஒரே ஜாதிதான். தண்ணீர் குறைய விடக்கூடாது" என்று இஞ்சின் ஆளிடம் சொன்னார். அந்தத் தம்பியும் ஆமாம் ஐயா என்று மனதாரத் தலையாட்டினார்.

குன்னூர் நெருங்க நெருங்கப் பாக்கு மரங்களும் காடும் போய், சரிவு முழுவதும் தேயிலை. நடுநடுவே நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்கள். அறையில் பையை வைத்துவிட்டு முதல் வேலையாக ஒரு தோட்டத்து ஓரமாக நடந்தோம். அப்பா ஒரு செடியின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். மேலே தட்டையாக, ஒரே சீராக, பாயை விரித்ததுபோல் இருந்தது. வேலையில் இருந்த ஒருவர், வெட்டாமல் விட்டால் இது மரமாகவே வளர்ந்துவிடும் என்றார். கைக்கு எட்டுகிற உயரத்தில் நிறுத்துவதற்காகத்தான் நான்கைந்து வருடத்துக்கு ஒரு முறை கவ்வாத்து செய்கிறார்கள். கவ்வாத்து செய்த சரிவு ஒன்றும் எதிரே தெரிந்தது. இலை ஒன்றில்லாமல் வெறும் கட்டைகளாக நின்றது. அதுவும் துளிர்த்து வரும் என்றார்.

அப்பா ஒரு கொழுந்தைக் கிள்ளலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டார். இரண்டு இலை, நடுவில் ஊசிபோல் சுருண்ட ஒரு மொட்டு. விரலில் வைத்துக் கசக்கி முகர்ந்து பார்த்தார். மறுபடியும் முகர்ந்தார். என்னிடம் நீட்டினார். பச்சைப் புல் வாசனைதான் வந்தது.

"டீ வாசனையே இல்லையே அம்மா" என்றார். அறைக்குத் திரும்பும் வரை இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள்: குன்னூர்

நேற்றைய கேள்விக்கு இன்று பதில் கிடைத்தது. பார்வையாளர்களை உள்ளே விடுகிற ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனோம். வாசலை மிதிக்கும்போதே மணம் முகத்தில் வந்து மோதியது. அப்பா படியில் அப்படியே நின்றுவிட்டார். "இது நம் கடை வாசனை" என்றார்.

பறித்து வந்த கொழுந்தை முதலில் நீளமான தொட்டிகளில் பரப்பிக் கீழிருந்து காற்றை விடுகிறார்கள். ஓர் இரவு முழுக்க அப்படிக் கிடந்து வாட வேண்டும். வாடிய இலையைக் கையில் எடுத்துப் பிழிந்தால் முறியாமல், ஈரத்துணிபோல் துவள்கிறது. அப்புறம்தான் இயந்திரம். பல் வைத்த உருளைகள் எதிரெதிராகச் சுழல, இலை நசுங்கி, கிழிந்து, குருணையாகச் சுருண்டு மறுபக்கம் வருகிறது. இதற்கு சிடிசி முறை என்று பெயர். வரும்போது பச்சையாகத்தான் வருகிறது. காற்றுப் பட ஒரு மணி நேரம் போலப் பரப்பி வைத்தால் கண்ணெதிரிலேயே செம்பு நிறமாகிறது. வாழைக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் விட்டால் கறுத்துப்போகுமே, அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. டீயின் நிறமும் மணமும் பிறப்பது இந்த இடத்தில்தான். சரியான பதத்தில் சூட்டில் காட்டி உலர்த்தி நிறுத்திவிட வேண்டும். கொஞ்சம் முந்தினால் பச்சை வாடை, கொஞ்சம் பிந்தினால் சப்பென்று ஆகிவிடும்.

"பால் காய்ச்சுகிற மாதிரிதான்" என்றார் அப்பா.

தரம் பிரிக்கும் இடத்தில் சல்லடைகள் அடுக்கடுக்காக ஆடிக்கொண்டிருந்தன. பெரிய குருணை ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம், கடைசியில் மாவுபோல் டஸ்ட். மேற்பார்வையாளர் நான்கைந்து தட்டுகளில் தூளை வைத்து, "ஐயா, உங்கள் கடைத் தூள் எது சொல்லுங்கள்" என்றார். அப்பா ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் தேய்த்து உதறினார். மூன்றாவது தட்டைத் தொட்டதும், "இதுதான். விரலில் ஒட்டாது, உதறினால் அப்படியே உதிரும். ஈரம் ஏறின தூள் ரேகைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்" என்றார். அது டஸ்ட்தான். துகள் சின்னதாக இருப்பதால் தண்ணீர் பட்டதும் நிறமும் திடமும் சட்டென்று இறங்குகிறது. நாலு பேர் அவசரமாக நிற்கிற கடைக்கு அதைவிட ஏற்றது இல்லை. டஸ்ட் என்றால் கூட்டிப் பெருக்கிய குப்பை என்று எங்கள் ஊரில் சிலர் சொல்லுவார்கள். அது தவறு. சல்லடையில் கடைசியாக விழுகிற அளவு, அவ்வளவுதான். நல்ல டஸ்ட்டும் உண்டு, மோசமான டஸ்ட்டும் உண்டு.

இங்கே தயாராகிற தூள் ஏலத்துக்குப் போகிறது. குன்னூரில் தேயிலை ஏல மையம் 1963-இலிருந்து இருக்கிறது. வாங்குகிறவர்கள் நீலகிரித் தூளோடு அசாம் தூளையும் கலந்து பாக்கெட் போடுகிறார்கள். அசாமின் திடமும் இங்கத்திய மணமும் சேர்ந்தால்தான் பால் டீக்கு நிற்கும். அப்பாவுக்குத் தூள் கொண்டுவந்த ஏஜென்ட்டும் அப்படிக் கலந்ததைத்தான் கொடுத்திருக்கிறார்.

அடுத்த கட்டடத்தில் இன்னொரு முறை. ஆர்தடாக்ஸ் என்கிறார்கள். இலையைக் கிழிக்காமல் முறுக்கிச் சுருட்டுவது. தூளாக இல்லாமல், காய்ந்த வேர்த்துண்டுபோல் நீளநீளமாக இருக்கிறது. சுவை பார்க்கிற மேசையில் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் மூன்று கிராமுக்கும் குறைவாகப் போட்டு, கொதிநீர் ஊற்றி, ஐந்து நிமிடம் மூடி வைத்து வடித்தார்கள். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, வாய் முழுக்கப் பரவவிட்டுத் துப்ப வேண்டும். அப்பா துப்ப மறுத்துவிட்டார். டீயைத் துப்புவதற்கு அவருக்கு மனம் வரவில்லை.

முதல் கிண்ணம் சிடிசி. நாக்கைப் பிடித்தது. இரண்டாவது ஆர்தடாக்ஸ். தேன் நிறம். குளிர்காலத்தில், உறைபனி விழும் மாதங்களில் பறித்த கொழுந்திலிருந்து செய்ததாம். குளிரில் கொழுந்து மெல்ல மெல்லத்தான் வளரும், அதனால் மணம் செறிந்துவிடுகிறது என்று விளக்கினார்கள். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"மார்க்கெட்டில் மூட்டையைப் பிரிக்கும்போது ஒரு வாசனை வருமே. அது வருகிறது."

நானும் குடித்தேன். பூவின் வாசனை நிச்சயமாக இருந்தது. நான் தினமும் ஏலக்காய் தட்டிப் போட்டு, பால் நிறைய விட்டுக் குடிக்கிறவள். பதினொரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. தேயிலைக்கென்று தனியாக ஒரு மணம் இருக்கிறது என்பதை நாற்பத்து மூன்று வயதில் இன்றுதான் தெரிந்துகொண்டேன். இந்தத் தரத்து நீலகிரித் தேயிலை பெரும்பாலும் கப்பலேறிப் போய்விடுகிறதாம். நம் மலையில், நம் ஜனங்கள் பறித்த இலை. அதன் ருசி நமக்கே தெரியாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. கால் கிலோ வாங்கிக்கொண்டேன். விலையைப் பார்த்து அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பெரிய விஷயம்.

மூன்றாம் நாள்: ஊட்டி

குன்னூரிலிருந்து ரயிலிலேயே வந்தோம். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், பிறகு ஊட்டி. கேத்தியில் ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு அகலமாக விரிந்தது. 1830-களில் ஆங்கிலேயர்கள் சீனத் தேயிலையைக் கொண்டுவந்து சோதனைக்கு நட்டுப் பார்த்த இடம் இதுதான். இப்போது அங்கே கேரட்டும் உருளைக்கிழங்கும் பாத்தி பாத்தியாகத் தெரிகின்றன.

ஊட்டியில் சுற்றிப் பார்க்கிற இடங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் பார்த்தது மார்க்கெட் பக்கத்து டீக்கடையும் வர்க்கியும்தான். சூடான டீயில் வர்க்கியை முக்கினால் அடுக்கடுக்காக ஊறுகிறது. ஒரு நொடி பிந்தினாலும் பாதி கிளாஸுக்குள் விழுந்துவிடும். புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், அந்தக் கௌரவத்துக்குத் தகுந்தது.

அந்தக் கடையில் அப்பா ஒன்றைக் கவனித்தார். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, ஆனால் டிகாஷன் இறங்க நேரமாகிறது. மாஸ்டரிடம் கேட்டார். "கீழே போடுகிற அளவு இங்கே போதாது அண்ணா. தூளும் கூட வேண்டும், நேரமும் கூட வேண்டும்" என்றார் அவர். இரண்டு பேரும் தொழில் பேச்சில் இறங்கிவிட்டார்கள். எனக்குப் பள்ளிப் பாடம் நினைவுக்கு வந்தது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று கணக்கு. ஊட்டி 2,240 மீட்டர். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு விறகு வைத்தாலும் சூடு ஏறாது. அப்பாவுக்கு இதைச் சொன்னபோது, "அப்படியானால் ஊட்டியில் டீ போடுவது வேறு தொழில்" என்றார்.

மத்தியானம் ஒரு கடையில் ஏமாந்தோம். சாக்லேட் டீ, மசாலா டீ என்று கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக வைத்திருந்தார்கள். மலிவாக ஒரு பாக்கெட் தூள் கொடுத்தார்கள், வாங்கிவிட்டேன். அறைக்கு வந்ததும் அப்பா ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து, சிட்டிகை தூளை மேலே தூவினார். தூவிய நிமிடமே செக்கச்செவேலென்று நூல் நூலாக நிறம் கீழே இறங்கியது. "சாயம்" என்றார். நல்ல தூளானால் பச்சைத் தண்ணீரில் உடனே நிறம் விடாது, மெல்லத்தான் விடும். பக்கத்தில் வைத்துப் பார்க்க, குன்னூர்ப் பாக்கெட்டிலிருந்து கொஞ்சம் இன்னொரு டம்ளரில் போட்டார். அது மிதந்துகொண்டே இருந்தது. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. வடிகட்டித் தாளை நனைத்து அதன்மேல் தூவினாலும் இதே வித்தியாசம் தெரியும். டீத்தூள் வாங்குகிற ஒவ்வொரு வீட்டிலும் இதைச் செய்து பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலை. அந்தப் பாக்கெட்டைக் குப்பையில் போட்டோம்.

இரவு அறையில் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து, வாங்கி வந்த ஆர்தடாக்ஸைப் போட்டு ஐந்து நிமிடம் மூடி வைத்தோம். குன்னூர் மேசையில் குடித்த அதே மணம். வெளியே குளிர் பல்லைக் கிட்டவைத்தது.

நான்காம் நாள்: கோத்தகிரி

காலையில் புல்வெளி முழுக்க உப்பைத் தூவியதுபோல் உறைபனி. பனி விழுந்த சரிவுகளில் தேயிலையின் மேல் இலைகள் தீயில் வாட்டியதுபோல் கருகியிருந்தன. மணத்தைச் செறியவைக்கிற அதே குளிர், அளவு மீறினால் செடியையே பொசுக்கிவிடுகிறது.

தொட்டபெட்டா, கட்டபெட்டு வழியாகக் கோத்தகிரிக்குப் பஸ். பக்கத்து இருக்கையில் ஒரு விவசாயி, இந்த மலையின் படுகர் சமூகத்தைச் சேர்ந்தவர், ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர். அப்பா தொழிலைச் சொன்னதும் மனம் விட்டுப் பேசினார். நாலேகால், நாலரைக் கிலோ பச்சைத் தேயிலை சேர்ந்தால்தான் ஒரு கிலோ தூள். பச்சைத் தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதாமாதம் சராசரி விலையை அறிவிக்கிறது. உரத்துக்கும் பறிகூலிக்கும் கொடுத்தது போக என்ன மிஞ்சும் என்பதுதான் இந்த மலையில் எல்லா வீட்டிலும் பேச்சு. அவர் கூட்டுறவுத் தொழிற்சாலை உறுப்பினர். நீலகிரியில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை 1962-இல் குந்தாவில் தொடங்கியது. ரேஷன் கடையில் வாங்குகிறோமே ஊட்டி டீ, அது இந்தக் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுடையதுதான்.

"கடையில் ஒரு டீயின் விலையை ஒரு ரூபாய் ஏற்றினால் ஜனங்கள் எங்களோடு சண்டைக்கு வருவார்கள்" என்றார் அப்பா.

"அந்த ஒரு ரூபாய் எங்கள் பக்கம் வந்தால் நன்றாக இருக்கும் ஐயா" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. இறங்கும்போது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடைபெற்றார்.

கோத்தகிரியில் அறைக்குக் கீழே சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் கையால், சிலர் பை மாட்டிய கத்தரியால். கையால் பறிப்பதுபோல் கத்தரி இலை பார்த்துப் பறிக்காது, ஆனால் வேலை வேகமாக நடக்கும். அப்பா ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மதிய இடைவேளையில் ஒரு பெண், நாற்பது வயதுக்குள் இருக்கும், எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தார். பேச்சு டீக்கடைக்குப் போனதும், "எங்கள் அம்மாவிடம் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள்" என்று கூப்பிட்டார். தேத்தண்ணி. அந்தச் சொல்லிலேயே அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று புரிந்துவிட்டது.

1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்கள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே தமிழ்நாட்டு வனத்துறை 1968-இல் தேயிலை நடத் தொடங்கியது. 1976-இல் அது டான்டீ என்ற அரசு நிறுவனமானது. எங்களைக் கூப்பிட்ட பெண்ணின் அம்மா இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு இந்த மலைக்கு வந்திருக்கிறார். வந்ததும் கூடையை மாட்டிக்கொண்டவர், ஓய்வு பெறும் வரை இறக்கவில்லை.

அவர் வீட்டு அடுப்பில், கரி பிடித்த கேத்தலில் தண்ணீர் கொதித்தது. தூளைப் போட்டுவிட்டு அடுப்பைத் தணித்து மூடினார். "சாயம் நன்றாக இறங்கட்டும்" என்றார். அப்பா சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நேற்று டம்ளரில் பார்த்த சாயம் அவர் மனதில் வந்திருக்க வேண்டும். அந்த அம்மாவின் பேச்சில் டிகாஷனுக்குத்தான் சாயம் என்று பெயர். விளக்கிச் சொன்னதும் அவரும் சேர்ந்து சிரித்தார்.

பித்தளை டம்ளரில் வடித்துக் கொடுத்தார். பால் இல்லை. சர்க்கரையும் போடவில்லை. நான் டம்ளரை எடுத்தபோது, "கையை நீட்டு பிள்ளை" என்றார். நீட்டினேன். இடது உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனியை வைத்தார். அப்பா கையிலும் வைத்தார். "சீனியை நக்கிக்கொண்டு குடிக்க வேண்டும். லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லோரும் இப்படித்தான். சீனி அளவாகக் கிடைத்த காலம் அது. டம்ளரில் போட்டால் மூன்று கரண்டி போகும். கையில் வைத்தால் ஒன்று போதும்."

நாக்கின் நுனியில் சீனி, அதன்மேல் சூடான சாயம். முதலில் இனிப்பு வருகிறது, அது கரைந்து போனதும் துவர்ப்பு, துவர்ப்புக்குப் பின்னால் தொண்டையில் மெல்லிதாக ஒரு மணம். ஒவ்வொரு வாயிலும் இந்த மூன்றும் தனித்தனியாக நடக்கின்றன. டம்ளரில் கலக்கிவிட்டால் மூன்றும் ஒன்றாகிவிடும். குன்னூரில் அத்தனை கிண்ணம் வைத்துச் சொல்லிக்கொடுத்ததை, பற்றாக்குறையில் பிறந்த ஒரு பழக்கம் இவ்வளவு சுலபமாகக் காட்டிவிட்டது. இது விலை உயர்ந்த தேயிலையும் இல்லை. மாதாந்திரச் சாமானோடு வாங்குகிற சாதாரணத் தூள்தான்.

அந்தப் பெண் எங்களுக்கு எதிரே உட்கார்ந்து குடித்தாள். அவளுடைய கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரேகைகள் கறுப்பு மையில் வரைந்ததுபோல் இருந்தன. கொழுந்துச் சாறு. சோப்புப் போட்டாலும் போகாது, வேலை இல்லாத நாட்களில் கொஞ்சம் வெளுக்கும் என்றாள். அப்பாவின் வலது கையில் விரல் முட்டிகளுக்கு மேலே, பாய்லர் ஆவி பட்டுப் பட்டுத் தோல் தடித்து, முடி முளைக்காத ஓர் இடம் இருக்கிறது. அவர் அதை இடது கையால் தடவிக்கொண்டே இருந்தார். ஏதோ சொல்ல வரும்போதெல்லாம் அப்படிச் செய்வார்.

அந்த அம்மா கேட்டார்: "எங்கள் கொழுந்து உங்கள் கடைக்கு வந்திருக்குமா?"

"குன்னூர்த் தூள்தான் அம்மா வாங்கினேன். வராமல் இருந்திருக்காது."

அவர் மகளிடம், ஐயாவுக்கு இன்னும் கொஞ்சம் ஊற்று என்றார்.

கிளம்பும்போது நூறு ரூபாயை எடுத்த என் கையை அப்பா பிடித்துத் தடுத்துவிட்டார். பையில் இருந்த திண்டுக்கல் பூட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஊருக்குப் போகிறவர்கள் கையோடு கொண்டுபோகிற வழக்கம் எங்களுக்கு உண்டு. அந்த அம்மா சாவியைப் போட்டுத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, கனம் நன்றாக இருக்கிறது என்றார்.

ஐந்தாம் நாள்: திண்டுக்கல்

நேற்று இரவே மலை இறங்கி, விடியற்காலை வீடு வந்து சேர்ந்தோம். வழியில் சொல்ல ஒன்றும் இல்லை. இருவரும் தூங்கிவிட்டோம்.

குளித்ததும் அப்பா அடுப்படிக்குப் போய், குன்னூர்த் தேயிலையைப் பிரித்தார். ஊட்டி அறையில் செய்ததுபோலவே அளந்து போட்டு, கொதிநீர் ஊற்றி, ஐந்து நிமிடம் மூடி வைத்தார். வடித்தபோது நிறம் கறுத்திருந்தது. வாயில் வைத்ததும் கசப்பு. பூ வாசனை எங்கேயோ அடியில் போயிருந்தது. இலை கெட்டுவிட்டதோ என்று எனக்குப் பதற்றமாகிவிட்டது.

அப்பா பதறவில்லை. கொஞ்ச நேரம் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஊட்டியில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்றாய்?"

"93 வைத்துக்கொள்ளுங்கள்."

"இங்கே?"

"99 இருக்கும்."

மறுபடியும் தண்ணீர் வைத்தார். கொதித்ததும் இறக்கி, நுரை அடங்கும்வரை விட்டார். பிறகு ஊற்றி மூடினார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கடை நடத்தின நாளிலும் பார்த்ததில்லை. அவர் மூடியைத் திறந்தபோது நான் பார்த்தேன், மூன்று நிமிடம் ஆகியிருந்தது. தேன் நிறம். அடுப்படி முழுக்க அந்த வாசனை.

சாயங்காலம் நாலு மணிக்கு வழக்கம்போல் டஸ்ட் போட்டு, பால் விட்டு, இஞ்சி தட்டி, ஓர் அடி உயரத்திலிருந்து ஆற்றி எனக்கொரு டீ கொடுத்தார். அதுவும் அருமையாக இருந்தது. அதை விட்டுவிடுகிற உத்தேசம் எங்கள் இருவருக்கும் இல்லை.

காலையில் அந்த இரண்டாவது டம்ளரை வடித்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இடது கையை விரித்து நீட்டினார். நான் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்தேன்.